ஆறு, நாற்பத்தொன்று, ஒன்பது: ஒரு பெங்களூரு உப்புநீர்த் தொட்டியில் ஐப்டேசியா

2024 ஏப்ரல் 7-ஆம் தேதி என் தொட்டியில் ஆறு ஐப்டேசியா இருந்தன. பவளத் தொட்டிகளில் களை மாதிரிப் பெருகும் சின்னக் கடல் சாமந்தி (அனிமோன்) அது. மே 19-ஆம் தேதி எண்ணியபோது நாற்பத்தொன்று. இடைப்பட்ட ஆறு வாரத்தில் புதிதாகக் கல்லோ பவளமோ எதுவும் உள்ளே போகவில்லை. ஏப்ரல் 7 காலையில் அந்த ஆறையும் பிளேடால் சுரண்டி எடுத்தேன், அவ்வளவுதான். அது எப்படிக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு ஆனது, அதன்பின் எப்படிக் குறைந்தது, குறைந்தது ஏன் மறுபடி ஏறியது என்பதை என் நோட்டுப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் ஒருவராவது பிளேடைக் கீழே வைத்தால் போதும்.

தொட்டி பானசவாடியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே ஒரு சம்ப், அதாவது தண்ணீர் இறங்கிச் சுத்தமாகி மேலே திரும்பும் துணைத் தொட்டி; அதில் அழுக்கை நுரையோடு பிரிக்கும் ஸ்கிம்மர். பாறை, மணல் போக சம்ப்பையும் சேர்த்து ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர். இரண்டு க்ளவுன் மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு பிளென்னி. பவளம் என்று பார்த்தால் எல்லாம் மென்மையான வகைதான்: மஷ்ரூம், வட்ட மொட்டுகள் கூட்டமாக வளரும் சோவாந்தஸ், ஒரு லெதர். பாறை முழுக்க செராமிக். நம் நாட்டில் கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். ராமநாதபுரம் பக்கத்துக்காரன் நான். மன்னார் வளைகுடாப் பாறைகள் என்ன பாடுபட்டிருக்கின்றன என்று கேட்டு வளர்ந்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

அந்த ஜனவரியில் ஒரு கடையில் சோவாந்தஸ் துண்டு ஒன்று வாங்கினேன். துண்டு ஒட்டியிருந்த கல்லின் அடிப்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பழுப்பாக, கண்ணாடி மாதிரி ஏதோ ஒன்று விரிந்திருந்தது. கல்லைத் திருப்பிப் பார்த்தேன், பார்த்தும் உள்ளே வைத்தேன். பாடப்புத்தகத்தில் கடல் சாமந்தி என்று படித்த உயிர் இலவசமாக வந்திருக்கிறதே என்ற சந்தோஷம்.

எது ஐப்டேசியா

முதலில் அடையாளம். ஐப்டேசியா பார்க்கக் கண்ணாடியில் செய்த குட்டித் தென்னை மாதிரி இருக்கும். மெல்லிய தண்டு, உச்சியில் நீளமான, நுனி கூரான கைகள். பழுப்பு நிறம் அதன் உடம்புக்குள் வாழும் பாசியால் வருவது. அந்தப் பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. கிட்டே நிழல் பட்டாலே தண்டு சுருங்கிப் பாறை ஓட்டைக்குள் போய்விடும். விடாமல் சீண்டினால் உடம்பின் பக்கவாட்டிலிருந்து வெள்ளை நூல்களை வெளியே தள்ளும். முழுக்கக் கொட்டும் அணுக்கள் நிறைந்த நூல்கள் அவை. பக்கத்தில் இருக்கும் பவளத்தின் மேல் பட்டால் அந்த இடம் சுருங்கிவிடும். என் சோவாந்தஸில் ஒரு ஓரத்து ஏழெட்டு மொட்டுகள் வாரக்கணக்கில் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

மஜானோ என்ற இன்னொரு அனிமோன் வேறு. அது குட்டை, தடிமன், கை நுனிகள் உருண்டு உப்பியிருக்கும், பெரும்பாலும் பச்சை சாயல். ஐப்டேசியா என்று நான் எண்ணிய நாற்பத்தொன்றில் நான்கு மஜானோ. இரண்டும் தொல்லைதான் என்றாலும் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஐப்டேசியாவைத் தின்னும் உயிர்கள் மஜானோவைத் தொடும் என்று நம்பி உட்காரக் கூடாது. அப்புறம், குழாய்க்குள் வாழும் விசிறிப் புழுக்களை ஐப்டேசியா என்று நினைத்துக் கொல்பவர்களும் உண்டு. விசிறிப் புழு கண்ணிமைக்கும் நேரத்தில் குழாய்க்குள் மறையும், குழாய் வெளியே தெரியும். ஐப்டேசியாவுக்குக் குழாய் கிடையாது.

சுரண்டினால் ஏன் பெருகுகிறது

எங்கள் ஊர் வயலில் கோரை முளைத்தால் தாத்தா மண்வெட்டியை எடுக்க விடமாட்டார். "கோரையைக் கொத்துனா கூடும்" என்பார். கொத்தும்போது கிழங்கு துண்டாகும். மண்ணில் தங்கிய ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. ஐப்டேசியாவின் அடிப்பாதம் அச்சு அசலாக அதே கதை. யாரும் தொடாவிட்டாலும்கூட, பாறைமேல் நகரும்போது அது பாதத்தின் ஓரத்திலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் வாயும் கைகளும் முளைத்து முழு அனிமோன் ஆகிவிடும். பிளேடு வைத்தால் அது மெதுவாகச் செய்வதை நாம் ஒரு நிமிடத்தில் செய்து கொடுக்கிறோம். போதாக்குறைக்கு நான் சுரண்டும்போது பவர்ஹெட்டை, அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சிறு பம்பை, நிறுத்தவில்லை. துணுக்குகள் தொட்டி முழுக்கப் பறந்தன. மே மாதம் வரைந்த வரைபடத்தில் பவர்ஹெட் வீசும் திசையில் மட்டும் பத்தொன்பது இருந்தது தற்செயல் இல்லை.

ஆராய்ச்சிக்கூடங்களில் பவளத்துக்கும் பாசிக்கும் உள்ள உறவைப் படிக்க இதே ஐப்டேசியாவைத்தான் வளர்க்கிறார்கள். 2015-இல் இதன் மரபணுத் தொகுதியை முழுவதுமாக வெளியிட்டார்கள். ஒரு துண்டிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் வளர்க்கலாம், எதையும் தாங்கும் என்பதுதான் அவர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம். நம்மைப் படுத்துவதும் அதே குணம்தான்.

நாற்பத்தொன்று என்று தெரிந்த அன்று அல்சூரில் இருக்கும் ஓர் அண்ணனுக்கு போன் செய்தேன். பல வருஷமாக உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர். பாறையை எல்லாம் வெளியே எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எண்ணிட்டியா தம்பி?"

"நாற்பத்தொண்ணுண்ணே."

"பகல்லயா, ராத்திரியிலயா?"

"பகல்லதான்."

"விளக்கு அணைஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு சிவப்பு டார்ச் அடிச்சு எண்ணு. ஒவ்வொரு கல்லையும் வரைஞ்சு புள்ளி வை. அது வரைக்கும் எதுலயும் கை வைக்காத."

இரவில் எண்ணியபோது இன்னும் ஐந்து கூடியது. வரைபடம் வரைந்த பிறகுதான் எது சோவாந்தஸை ஒட்டியிருக்கிறது, எது கைக்கெட்டாத பின்பக்கம், எது பெரியது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. மொத்தத்தையும் ஒரே நாளில் முடிக்கும் எண்ணமும் அப்போதுதான் போனது. இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எண்கள் எல்லாம் ஒப்பிட வசதியாகப் பகல் கணக்கு.

கொதிநீர் வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். நான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து புள்ளி வைப்பதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அந்தக் கல்லை வெளிய எடுத்து ஒரு சொம்பு வெந்நீய ஊத்துனா முடிஞ்சு போச்சுல்ல?" என்றார். எறும்புப் புற்றுக்கு அவர் செய்வது அதுதான். தொட்டி வளர்ப்பிலும் பலர் சொல்லும் வழி அது.

சோவாந்தஸும் அதன் இனத்துப் பாலித்தோவாவும் இருக்கும் கல்லில் அதைச் செய்யவே கூடாது. அவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். இயற்கையில் தெரிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. வெந்நீர் ஊற்றினாலோ கல்லை வேகவைத்தாலோ அது ஆவியோடு காற்றில் கலக்கும், சூட்டில் அழிவதில்லை. அப்படிக் கல்லை வேகவைத்து வீட்டில் இருந்த எல்லோரும் மூச்சுத்திணறல், காய்ச்சல், தசைவலி என்று மருத்துவமனையில் சேர்ந்த நிகழ்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. செல்ல நாய்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. கதவைச் சாத்திய ஃபிளாட்டில், குழந்தை இருக்கும் வீட்டில் நினைத்துப் பாருங்கள். கல்லைத் துலக்குவதானாலும் கையுறை, கண்ணாடி இல்லாமல் வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலையையே தள்ளி வையுங்கள்.

சுண்ணாம்பு

நான் தேர்ந்தெடுத்தது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீர்த்த சுண்ணாம்பு. வேதியியலில் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் இருப்பதும் இதுதான். "எங்கிட்டதான் இருக்கே, தரட்டா?" என்று டப்பாவை நீட்டவும் செய்தார். வாங்கவில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பில் நிறமும் மணமும் சேர்த்து விற்பவர்கள் உண்டு. அது தொட்டிக்குள் போகக் கூடாது. லேப் தரத்தில் அரைக் கிலோ வாங்கினேன். இன்னும் முக்கால்வாசி மீதி இருக்கிறது.

சுண்ணாம்பு ஏன் வேலை செய்கிறது என்றால், அதன் நிறைகரைசலின் பி.எச். 12-க்கு மேல். வாய்க்குள் போன பசை உள்ளிருந்து திசுவை அரித்துவிடும். வெளியே மட்டும் பட்டால் மேல்தோல் வெந்து அடிப்பாதம் பிழைத்துக்கொள்ளும். ஆகையால் வாய்தான் இலக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி நடக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைப்பேன். இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டி. தண்ணியாக இருந்தால் பவளத்தின் மேல் பரவும், ரொம்பக் கெட்டி என்றால் ஊசியில் அடைக்கும். மூன்று மி.லி. சிரிஞ்சு, தடித்த ஊசி, நுனியை உரசி மழுக்கியது. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், பவர்ஹெட் இரண்டையும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருப்பேன். தண்ணீர் முழுக்க அசைவற்றுப் போனதும் அனிமோன்கள் கைகளை அகல விரிக்கும். ஊசியை மேலிருந்து, நிழல் விழாதபடி, நத்தை வேகத்தில் இறக்க வேண்டும். கைகளின் நடுவில் சின்னக் கோடு போல் வாய் தெரியும். அதற்கு மேலே அரிசி அளவு இடைவெளியில் நிறுத்தி ஒரு சொட்டு. பல நேரம் அது இரை என்று நினைத்துக் கைகளை உள்நோக்கி மடித்துப் பசையை விழுங்கும். அந்த நொடியில் இன்னும் கொஞ்சம் கொடுத்து மேலே மூடிவிடுவேன். வெண்மையான சிறு குவியல், ஒரு கொத்துமல்லி விதை அளவு. அது சுருங்கி ஓட்டைக்குள் போய்விட்டால் ஓட்டையையே பசையால் அடைத்துவிடுவேன்.

பதினைந்து நிமிடம் கழித்து மெல்லிய குழாயால் குவியல்களை உறிஞ்சி எடுத்துவிட்டு, அப்புறம்தான் பம்ப். குவியல் இருக்கும்போது பம்பைப் போட்டால் தொட்டி முழுக்க வெள்ளைப் புழுதி. ஒரு தடவை அப்படி ஆகி லெதர் மூன்று நாள் விரியவில்லை.

அளவுதான் இதில் உயிர்நாடி. ஒரு கிராம் சுண்ணாம்பு 200 லிட்டரில் காரத்தன்மையை ஏறக்குறைய 0.4 டி.கே.எச். ஏற்றும். என் தொட்டியில் ஒரு கிராமுக்குக் கிட்டே போட்ட நாட்களில் பி.எச். 8.1-லிருந்து 8.3 வரை போனது. அது பரவாயில்லை. ஒரே மூச்சில் ஐந்து கிராம் என்றால் மீனும் பவளமும் தாங்காது. எனக்கு நானே வைத்த கட்டு: ஞாயிறுக்கு எட்டு அனிமோன், ஒரு கிராமுக்குள். செத்த அனிமோன் அழுகுவதும் ஒரு சுமைதான். எட்டு என்ற கணக்கு அதற்கும் சேர்த்து. கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான் செய்வேன். சுண்ணாம்புப் பசை கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

மே 26 அன்று முதல் எட்டு. மறுவாரம் பார்த்தால் ஐந்து போயிருந்தன, மூன்று அதே இடத்தில் மறுபடி தலைகாட்டின. சின்னதாக, ஆனால் இருந்தன. ஒரு முறை கொடுத்தால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்றைப் பார்த்துத்தான் மனம் விட்டுப்போய் மறுபடி பிளேடை எடுக்கிறார்கள். அதே மூன்றுக்கு மறுபடி கொடுத்தேன். எலுமிச்சைச் சாற்றையும் மூன்றில் முயன்றேன், மூன்றும் திரும்பி வந்தன; அதோடு விட்டுவிட்டேன். ஜூலை 14 கணக்கு: ஒன்பது. மஜானோ நான்கும் போய்விட்டன.

இறால் விஷயம்

ஜூன் நடுவில் ஒரு தவறு. பெப்பர்மிண்ட் இறால் ஐப்டேசியாவைத் தின்னும் என்பது உண்மை. லிஸ்மாட்டா இனத்தைச் சேர்ந்தது, இரவில் இரை தேடும், சின்ன அனிமோன்களைத்தான் விரும்பும். ஒரு கடையில் பெப்பர்மிண்ட் என்று சொல்லி இரண்டு கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மஷ்ரூம் ஒன்றின் ஓரம் கந்தலானது. சிவப்பு டார்ச்சில் பார்த்தால் இரண்டும் அதன் மேலேயே உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தன. அவை ஒட்டக இறால்கள். முதுகு கூன் போட்டிருக்கும், கண் பெரிது, சிவப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் அழுத்தமாக இருக்கும். அசல் பெப்பர்மிண்ட் உடம்பு கிட்டத்தட்ட ஊடுருவித் தெரியும். நீளவாக்கில் மெல்லிய சிவப்புக் கோடுகள். கடையில் பை கட்டுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும், பெயரைக் கேட்டு வாங்கக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் பொறி வைத்து இரண்டையும் பிடிக்க நான்கு இரவு ஆனது.

பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை இன்னும் சுத்தமான வழி. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, அது தீர்ந்தால் பட்டினியால் சாகும். எனக்குக் கிடைக்கவில்லை. காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனைப் பலர் சொன்னார்கள். 200 லிட்டர் அதற்குப் போதாது; பிடிபட்ட பிறகு பல மீன்கள் உணவே எடுக்காமல் மெலிந்து போகின்றன. ஒரு தொல்லையைத் தீர்க்க ஓர் உயிரைப் பட்டினி போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒன்பது, மறுபடி இருபத்திரண்டு

ஆகஸ்ட் 4 அன்று எண்ணிக்கை இருபத்திரண்டு. சுரண்டவில்லை, புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தேன். புதிய புள்ளிகள் எல்லாம் ரிட்டர்ன் குழாயின் வாய் பார்க்கும் பக்கம். அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "தண்ணி எந்த வழியா வருதுன்னு பாத்தியா?"

தொட்டித் தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். உள்சுவரில், சீப்புப் பற்களுக்குப் பின்னால், வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம். வெளிச்சம் இல்லாத இடத்தில் உடம்புப் பாசியை இழந்துவிட்டதால் பழுப்பே இல்லை. பால் கலந்த கண்ணாடி மாதிரி, நூல் போன்ற கைகள் ஓடும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. இருபத்தாறு வரை எண்ணினேன். சம்ப்பில் ஸ்கிம்மரின் அடியில் இன்னும் ஒரு பத்து. பாசி இல்லாமலே எப்படி உயிரோடிருக்கின்றன? நான் மீனுக்குப் போடும் உணவு முழுக்க அந்த வழியாகத்தானே போகிறது. நாற்றங்கால் அங்கே இருக்க, நான் இரண்டு மாதமாக வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓவர்ஃப்ளோ பெட்டி தனியாகக் கழற்றக்கூடியது, அதில் சோவாந்தஸ் எதுவும் இல்லை. கழற்றி ஒரு பக்கெட் தண்ணீரில் வினிகர் கலந்து ஓர் இரவு ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். குழாய்த் துண்டுகள், ஸ்கிம்மர், பம்ப் மூடி எல்லாவற்றுக்கும் அதே சிகிச்சை. ஊறிய தண்ணீரை வீட்டுக் கழிவுநீரில்தான் ஊற்றினேன். எந்தத் தொட்டி உயிரையும் ஏரியிலோ ஊர்ப்பக்கம் போகும்போது கடலிலோ விடக் கூடாது.

அதே வாரம் தண்ணீரையும் சோதித்தேன். உணவு மிச்சமும் கழிவும் சேர்ந்தால் ஏறும் நைட்ரேட் 40 பி.பி.எம். பாதிக் காரணம் என் கை: மூன்று வேளை உணவு, உறைந்த மைசிஸை (இறால் போன்ற குட்டி உயிர், மீனுணவு) உருகிய தண்ணீரோடு அப்படியே கொட்டுவது. மீதிப் பாதியை, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சொன்னது. எங்கள் அடுக்குமாடிக்குக் காவிரித் தண்ணீர் பாதி, போர்வெல்லும் டேங்கரும் பாதி. 2024 கோடையில் பெங்களூரு தண்ணீர்ப் பஞ்சத்தில் டேங்கர்தான் ஓடியது. ஆர்.ஓ. மெம்பிரேன் தேய்ந்து, வெளியே வரும் தண்ணீரில் டி.டி.எஸ். 38 காட்டியது. மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டியில் தினமும் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அதற்கு ஈடாக ஊற்றியதில் வந்த அழுக்கெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. மெம்பிரேன், அதற்கடுத்த வடிகட்டியான டி.ஐ. ரெசின் இரண்டையும் மாற்றியபின் மீட்டர் பூஜ்யம். உணவை ஒரு வேளையாகக் குறைத்து, மைசிஸை வடிகட்டிக் கழுவிப் போட ஆரம்பித்தேன். நவம்பரில் நைட்ரேட் 12. உணவைக் குறைத்ததால் ஐப்டேசியா சாகவில்லை, அது அப்படிச் சாகிற உயிரும் இல்லை. புதிதாக வருவது குறைந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சுண்ணாம்பு அதை முந்திக்கொண்டு போக முடிந்தது.

செப்டம்பரில் இரண்டு அசல் பெப்பர்மிண்ட் இறால் கிடைத்தன, இந்த முறை கோடுகளைப் பார்த்து வாங்கினேன். ஒரு வாரம் உணவு மிகக் குறைவாகப் போட்டேன். வயிறு நிறைந்தால் அவை அனிமோனைத் திரும்பியும் பார்க்காது. ஊசி எட்டாத பின்பக்கப் பாறையில் வரைபடத்தில் இருந்த ஏழு புள்ளிகளில் ஐந்தை அக்டோபர் முடிவதற்குள் அவை அழித்தன. பெரிய இரண்டை அவை தொடவில்லை. அந்தக் கல்லை மட்டும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகப் பசை வைத்து, உப்புநீரில் அலசித் திரும்ப வைத்தேன்.

2025 ஜனவரியில் முதன்முறையாகப் பகல் கணக்கும் இரவுக் கணக்கும் பூஜ்யம். சோவாந்தஸின் அந்த ஓரத்து மொட்டுகள் திறந்துவிட்டன. சுருங்கிக் கிடந்த இடத்தில் இப்போது ஆரஞ்சு வட்டங்கள் நெருக்கமாக நிற்கின்றன. புதிதாக எந்தத் துண்டு வந்தாலும் அடிக்கல்லை உடைத்துப் போட்டுவிட்டு, வேறு கல்லில் ஒட்டி, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்த பிறகே உள்ளே விடுகிறேன். மாதம் ஒருமுறை ஓவர்ஃப்ளோ மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன்.

போன வாரம் ரிட்டர்ன் குழாயின் முனைக்குப் பின்னால் ஒன்று தெரிந்தது. அரிசி அளவு, இன்னும் நிறம்கூட ஏறவில்லை. நோட்டில் புள்ளி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சிரிஞ்சை எடுக்க வேண்டும்.